சைக்கிள் சவாரிக்கு மாலை, சைக்கிள்காரருக்கு மண் ஓரம்

எங்கள் மாவட்டத்தில் சைக்கிள் சவாரிக்குப் பஞ்சமே இல்லை. போதைப்பொருள் ஒழிப்புக்கு ஒன்று, டெங்கு ஒழிப்புக்கு ஒன்று, மரம் நட ஒன்று, நல்லிணக்கத்துக்கு ஒன்று, சுற்றுலாவை வளர்க்க ஒன்று. ஒரே நிற ரீசேர்ட் போட்ட முப்பது நாற்பது பேர் கிண்ணியாப் பாலத்தில் ஏறுவார்கள். முன்னால் ஒரு வாகனம் லைற்றைப் போட்டுக்கொண்டு போகும். பின்னால் ஒரு வாகனம் தண்ணீர்ப் போத்தலோடு வரும். பிரமுகர் கொடி அசைப்பார், மாலை விழும், போட்டோ எடுபடும். அடுத்த நாள் ‘இளைஞர்களின் சாதனைப் பயணம்’ என்று செய்தி வரும்.

அதே நேரம், அதே பாலத்தில், கேரியரில் மீன்பெட்டி கட்டிய ஒரு காக்கா எதிர்ப்பக்கமிருந்து மிதித்துக்கொண்டு வருவார். சவாரி வருது, ஓரமா நில்லுங்க என்று அவரை மறிப்பார்கள். அவர் இறங்கி நிற்பார். சவாரி போய் முடிந்த பிறகு திரும்ப ஏறி மிதிப்பார். மீனில் ஐஸ் கரைஞ்சதுதான் அவருக்கு மிச்சம்.

சைக்கிளுக்கு மரியாதை செய்ய நடக்கிற விழாவில், சைக்கிளால் சோறு தின்கிற மனுஷனை இறக்கி நிறுத்துகிறோம். இதில் என்ன விழிப்புணர்வு இருக்கு? யாருக்கு விழிப்பு, யாருக்கு உணர்வு?

நாங்கள் சைக்கிள் சவாரிக்கு எதிரானவர்கள் இல்லை. நாங்களே போய் வந்தவர்கள்தான். கிண்ணியாவிலிருந்து மட்டக்களப்புக்கு ஏ15 வீதியால், நூறு கிலோமீற்றருக்கு மேலே, ஒரே நாளில். பதினொரு பேர் போனோம், அதில் மூன்று பேர் பெண்கள். பதாகை இல்லை, ரீசேர்ட் இல்லை, தலைப்பும் இல்லை. கியர் சைக்கிள் இரண்டுதான், மற்றதெல்லாம் வீட்டில் கிடந்த சாதாரணச் சைக்கிள். ஒன்றுக்கு வயசு எங்களைவிடக் கூட. அந்த ஒரு நாளில் கண்டதை வைத்துத்தான் எழுதுகிறோம். எங்களுக்கு எவ்வளவு கால் வலித்தது என்பது இங்கே விஷயமில்லை. அந்த வீதியில் தினமும் மிதிப்பவர்களை யார் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

பாலம் வந்த கதை

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். வீதி வந்தது நல்லதுதான். எங்கள் வாப்பாமார் சொல்லும் கிண்ணியா வேறு. திருகோணமலைக்குப் போவதென்றால் துறையில் போய்ப் பாதை வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். பாதை என்று இங்கே சொல்வது ரோட்டை அல்ல, வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவையை. மூதூர்ப் பக்கம் போனாலும் அதே கதைதான், ஒரு துறை முடிய இன்னொரு துறை. நோயாளியானாலும் பிள்ளைத்தாச்சியானாலும் காத்துத்தான் கிடக்க வேண்டும்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீற்றர் நீளம், சவூதி அரேபியாவின் நிதி உதவி. நாட்டின் மிக நீளமான பாலம் என்று அப்போது பெருமையாகப் பேசினார்கள். 2011 இல் பிரான்சின் உதவியோடு ஏ15 வீதியில் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று மற்றப் பாலங்களும் வந்தன. கங்கைப் பாலத்துக்குக் கீழே ஓடுவது மகாவலி. 335 கிலோமீற்றர் ஓடிவந்து எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் அது கடலோடு சேருகிறது. விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டு அந்தப் பாலங்களை ஒவ்வொன்றாகக் கடக்கும்போது, இந்தப் பாலங்களால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியாது.

ஆனால் பாலத்தின் பெருமையைப் பேசும்போது இன்னொரு திகதியையும் சேர்த்துப் பேச வேண்டும். 2021 நவம்பர் 23.

குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை எடுத்துவிட்டுப் புதுப் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. பாலம் முடியும்வரை சனம் எப்படிப் போகும்? மிதவையில் போகும். காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போன அந்த மிதவை கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு பேர் மௌத்தானார்கள். பிறகு அந்த எண்ணிக்கை கூடியது. வெள்ளைச் சீருடையோடு ஜனாஸா வந்த ஊர் இது.

இதை ஏன் சைக்கிள் கட்டுரையில் எழுதுகிறோம் என்று கேட்கலாம். கார் வைத்திருந்தவர் அன்றைக்கு வேறு வீதியால் சுற்றிப் போயிருப்பார். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவரும் பெற்றோல் காசைப் பார்க்காமல் சுற்றிப் போயிருக்கலாம். நடந்து போகிறவருக்கும், சைக்கிளில் போகிறவருக்கும், கையில் பள்ளிக்கூடப் பையோடு நிற்கிற பிள்ளைக்கும் சுற்றிப் போகிற வசதி இல்லை. ‘மாற்று வழி’ என்று பலகையில் எழுதிப் போடும்போது அது இயந்திரம் வைத்திருப்பவருக்கான மாற்று வழி. தன் காலால் போகிறவரின் கணக்கு அந்தத் திட்டத்தில் எப்போதும் கடைசியில்தான் வரும். சில வேளை வராமலே போகும். குறிஞ்சாக்கேணி அப்படி வராமல் போன கணக்கு.

வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

ஏ15 வீதியில் சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு ஒரு விளக்கம். நடுவில் கார்ப்பெட். ஓரத்தில் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியே கொஞ்ச இடம் சில பகுதிகளில் இருக்கும், பல பகுதிகளில் கிறவல்தான். கார்ப்பெட்டுக்கும் கிறவலுக்கும் நடுவே ஒரு விளிம்பு. சில இடத்தில் அது விரலளவு உயரம், சில இடத்தில் அரைச் சாண். பின்னால் டிப்பர் ஹோன் அடித்தால் சைக்கிள்காரர் என்ன செய்வார்? அந்த விளிம்பால் கீழே இறங்குவார். கேரியரில் ஐம்பது கிலோ இருந்தாலும் இறங்குவார். டிப்பர் போன பிறகு திரும்ப ஏற வேண்டும். ஏறும்போதுதான் டயர் அந்த விளிம்பில் வழுக்கும். விழுந்தால் வீதிப் பக்கம்தான் விழுவார்.

நாங்கள் அன்றைக்கு இப்படி எத்தனை தரம் இறங்கி ஏறினோம் என்று எண்ணத் தொடங்கினோம். மூதூருக்கு முதலே கணக்கு விட்டுப் போச்சு.

எதிரில் வந்த சைக்கிள்களையும் எண்ணினோம். அதுவும் முடியவில்லை. மீன் வியாபாரி. விறகுக்கட்டைக் குறுக்கே கட்டி வைத்து, தான் ஏற இடமில்லாமல் தள்ளிக்கொண்டே போகிற ஆள். வயலுக்குப் போகிறவர், ஹேண்டிலில் மண்வெட்டி. தயிர்ச் சட்டிகளை வலையில் கோர்த்துத் தொங்கவிட்டபடி ஒருவர். ரியூஷனுக்குப் போகிற பொடியன், முன்பாரில் தங்கச்சி. பாண் வாங்கிக்கொண்டு திரும்புகிற வயசான மனுஷி, அவ சைக்கிளில் ஏறவில்லை, பைக்கு ஒரு தாங்கலாகத்தான் தள்ளிக்கொண்டு போறா.

மூதூருக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில் மீன் விற்கிற ஒரு காக்காவோடு கதைத்தோம்.

“மகன், நீங்க எங்கிருந்து?”

“கிண்ணியா காக்கா. மட்டக்களப்புக்குப் போறம்.”

“சைக்கிள்லயா? ஏன், பஸ் இல்லியா?”

“சும்மா ஒரு பயணம் காக்கா.”

அவர் சிரிச்சார். “நான் ஒவ்வொரு நாளும் போறது இந்தத் தூரத்துல பாதி வரும். எனக்கு ஒருத்தனும் பேப்பர்ல போட்டோ போடல்ல” என்றார். பிறகு எங்கள் பிளேன்டிக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார்.

அவர் சொன்னதில் பொறாமை இல்லை. கணக்குத்தான் இருந்தது. அந்தக் கணக்குக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. எந்த ஏற்பாட்டாளரிடமும் இருக்காது. நாங்கள் ஒரு நாள் செய்தால் சாகசம், அவர் முப்பது வருஷம் செய்தால் வறுமை. நாங்கள் ஹெல்மெட் போட்டால் வீரர்கள், அவர் சாரத்தை மடிச்சுக் கட்டினால் ‘வாகனத்துக்கு இடைஞ்சல்’. வண்டி ஒன்று, வீதி ஒன்று, வெயில் ஒன்று. மரியாதை மட்டும் ஆளுக்கு ஆள் மாறுது.

இந்த வீதிக்குச் சைக்கிள் புதுசில்லை

மூதூரைத் தாண்டி, கிளிவெட்டி, சேருநுவர, வெருகல் என்று போகப் போக வீதி அமைதியாகிறது. கச்சான் காற்று மட்டும் விடுவதில்லை, முகத்திலேயே அடிக்கும். இந்தப் பகுதியைப் பற்றிச் சுற்றுலாச் சவாரிக்காரர்கள் ‘அழகிய கிராமப்புறம்’ என்று எழுதுவார்கள். அழகுதான். ஆனால் 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதும் பெரிய யுத்தம் திரும்ப மூண்டதும் இந்தப் பக்கத்தில்தான். அடுத்த மாதம் மூதூரிலிருந்து முஸ்லிம் சனம் கையில் கிடைத்ததோடு கிளம்பி கிண்ணியாவுக்கும் கந்தளாய்க்கும் வந்தது. மூதூரில் தொண்டு நிறுவன ஊழியர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்த மாதம்தான். நவம்பரில் கதிரவெளியில், இடம்பெயர்ந்த தமிழ்ச் சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் ஷெல் விழுந்து பலர் செத்தார்கள்.

இதையெல்லாம் யாருடைய கணக்கு யாருடையதைவிடப் பெரிசு என்று காட்டச் சொல்லவில்லை. எங்கள் பதினொரு பேரில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தோம். வீட்டில் கேட்ட கதைகள் வேறு வேறு, ஆனால் இரண்டு பக்கத்துக் கதையிலும் ஒரு சைக்கிள் வரும். மூட்டையை வைத்துத் தள்ளிய சைக்கிள். உம்மம்மாவைக் கேரியரில் இருத்திக்கொண்டு வந்த சைக்கிள். செக்பொயின்டில் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி உருட்டிக்கொண்டு போன சைக்கிள். வடக்கிலும் அதுதான் நடந்தது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. ஆசிரியரும் டொக்டரும் கல்யாண மாப்பிள்ளையும் அதிலேதான் போனார்கள்.

நாடு விழும்போதெல்லாம் சைக்கிள் தூக்கியிருக்கிறது. நாடு எழும்பியதும் சைக்கிளை ஓரத்தில் தள்ளிவிடுகிறோம்.

கடைசியாக 2022. இதை மறக்க எங்களுக்கு வயசு போதாது. 2021 கடைசியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. கியூவில் நின்றே ஆட்கள் இறந்தார்கள். எரிபொருள் இல்லையென்று பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அப்போது மூலையில் கிடந்த சைக்கிளையெல்லாம் சனம் தட்டி எடுத்தது. ஒட்டுக் கடையில் கூட்டம். டியூப் தட்டுப்பாடு. புதுச் சைக்கிள் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ரை கட்டிய உத்தியோகத்தர்மாரும் சைக்கிளில் கந்தோருக்குப் போய்ப் படம் போட்டார்கள். ‘இனிச் சைக்கிள்தான் எதிர்காலம்’ என்று பேசாத வாய் இல்லை.

பிறகு கியூஆர் வந்தது, பெற்றோல் வந்தது. எதிர்காலமும் போச்சு, சைக்கிளும் மூலைக்குப் போச்சு. யாருடைய சைக்கிள்? கியூஆர் வைத்திருந்தவரின் சைக்கிள். மற்றவர் அன்றைக்கும் மிதித்தார், இன்றைக்கும் மிதிக்கிறார்.

ஒல்லாந்தரிடம் படிக்காத பாடம்

திருகோணமலைக் கோட்டையைப் பார்க்கும்போது ஒல்லாந்தர் நினைவுக்கு வருவார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களுடைய கறுவா வியாபாரத்தையும் சட்டத்தையும் படித்தோம். அவர்களுடைய வீதியைப் பற்றி யாரும் படிப்பிக்கவில்லை.

நெதர்லாந்து என்றாலே சைக்கிள் நாடு என்கிறார்கள். அது பிறவிக் குணமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்களும் காருக்காகத்தான் வீதியை அகலமாக்கினார்கள். 1971 இல் மட்டும் அங்கே வீதி விபத்தில் ஏறத்தாழ 3,300 பேர் செத்தார்கள், அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் பிள்ளைகள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையிலிருந்து ‘பிள்ளைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற இயக்கம் கிளம்பியது. பெற்றோர்கள் வீதியில் இறங்கினார்கள், சைக்கிளில் ஊர்வலம் போனார்கள், வீதியை மறித்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக் கூடாது என்று அரசாங்கம் சொன்னது. காரில்லாத வீதி எப்படி இருக்கும் என்று சனம் கண்ணால் கண்டது. அதற்குப் பிறகுதான் தனிச் சைக்கிள் பாதைகள் ஊர் ஊராக வந்தன.

அவர்களுக்கும் எண்ணெய் நெருக்கடி வந்தது, எங்களுக்கும் வந்தது. அவர்கள் அதிலிருந்து ஒரு வீதியை எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் ஒரு கியூஆரை எடுத்துக்கொண்டோம். வித்தியாசம் காசில் மட்டும் இல்லை. அங்கே சைக்கிள் ஊர்வலம் போனவர்கள் வீதியைக் கேட்டார்கள். இங்கே சைக்கிள் ஊர்வலம் போகிறவர்கள் வீதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்கிறார்கள். போதையை ஒழி, நுளம்பை ஒழி, குப்பையை ஒழி. நல்லது. நீங்கள் மிதித்துக்கொண்டு போகிற அந்த வீதியில் வருஷா வருஷம் ஆட்கள் சாகிறார்களே, அதை ஒழிக்க ஒரு சவாரி போனீர்களா? இந்த நாட்டில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். அதில் பெரும்பாலானோர் காருக்குள் இருந்தவர்கள் இல்லை. நடந்தவர்களும், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் போனவர்களும்தான்.

“பொம்புளப் புள்ளைகளுக்கு என்னத்துக்கு?”

எங்கள் கூட்டத்தில் மூன்று பெண்கள் வந்தார்கள் என்று சொன்னோம். மற்ற எட்டுப் பேரிடம் ‘எங்க போறீங்க’ என்று கேட்ட வீதி, அவர்களிடம் ‘வீட்ட தெரியுமா’ என்று கேட்டது. ஒரு இடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அவர்களுக்குப் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு கொஞ்சத் தூரம் வந்தார்கள். இன்னொரு இடத்தில் ஒரு தாய் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, “புள்ள, பாத்துப் போங்க. நானும் ஒரு காலத்துல ஓடின ஆள்தான்” என்றா. எப்ப விட்டீங்க உம்மா என்று கேட்டோம். “பெரிய புள்ளையாகினதோட” என்று சொல்லிவிட்டுச் சிரிச்சா.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓடாமல் இல்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயசுவரை நன்றாக ஓடுவார்கள். பிறகு சைக்கிள் தம்பிக்குப் போய்விடும். கம்பஸுக்குப் போகிற பிள்ளை ஓட்டோவுக்குக் காசு தேட வேணும், இல்லையென்றால் நானாவோ வாப்பாவோ ஓய்வாக இருக்கிற நேரத்துக்குக் காத்திருக்க வேணும். மார்க்கத்தின் பெயரைச் சொல்பவர்கள் உண்டு. சைக்கிள் ஹராம் என்று எந்தக் கிதாபில் இருக்கு என்று கேட்டால் பதில் மார்க்கத்திலிருந்து வராது, ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற இடத்திலிருந்துதான் வரும். தமிழ் ஊர்களிலும் அந்த வாக்கியம் அப்படியேதான் இருக்கு.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துப் படிப்பிப்பதோடு சைக்கிளும் படிப்பித்தார்கள். அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலை செய்கிறவர்கள், கிராமத்துத் தாதிமார் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓடப் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேரில் போய்ப் பார்த்து எழுதினார். அவரிடம் பேசியவர்களில் முஸ்லிம் பெண்களும் உண்டு. லேடிஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது அந்தப் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்களாம். முன்பாரில் பிள்ளையை இருத்தலாம் என்பதற்காக அதையே விரும்பியவர்களும் இருந்தார்களாம். அவர்களுக்கு அது சாகசமில்லை. பஸ்ஸுக்காகவும், கணவனுக்காகவும், அண்ணனுக்காகவும் காத்து நிற்காமல் சந்தைக்கும் வேலைக்கும் போய் வருகிற வழி.

அங்கே ஒரு மாவட்ட நிர்வாகமே முன்னுக்கு நின்று செய்தது. இங்கே நிர்வாகம் முன்னுக்கு நிற்பது கொடி அசைக்கும்போது மட்டும்தான். அந்தக் கொடிக்குப் பின்னால் நிற்கிற முப்பது நாற்பது பேரில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று அடுத்த தடவை எண்ணிப் பாருங்க. விரல் மிஞ்சும்.

“உங்களுக்கு வேற வேலையில்லியா?”

இதையெல்லாம் சொன்னால் மூன்று பதில் வரும்.

ஒன்று, ‘அரசாங்கத்துக்கிட்டக் காசில்ல’. சரி. தனிப் பாலம் கட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வீதியைத் திரும்பக் கார்ப்பெட் போடும்போது ஓரத்தையும் சேர்த்து, மட்டமாக, ஒன்றரை மீற்றர் அகலத்துக்குப் போடச் சொல்கிறோம். கோடு அடிக்கிற பெயின்ற் எப்படியும் அடிக்கத்தான் போகிறார்கள். இன்னொரு கோடு அடிக்கச் சொல்கிறோம். அந்த அரைச் சாண் விளிம்பை மண் போட்டு நிரப்ப உலக வங்கி வரத் தேவையில்லை.

இரண்டு, ‘பொடியன்மார் ஆசையில ஓடுறாங்க, எல்லாத்துலயும் அரசியலக் கலக்காதீங்க’. ஆசையில் ஓடட்டும். அந்தக் காற்றின் சுகமும், வாகரையில் கடலைக் கண்டதும் எல்லாரும் கத்திய கத்தலும் எங்களுக்குத் தெரியும். ஆனால் சவாரிக்கு லீட் வாகனம் கேட்டு, பொலிஸ் கேட்டு, வீதியை மறித்துத் தரச் சொல்லிக் கேட்கிற அந்த நிமிஷமே நீங்கள் ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறீர்கள். பாதுகாப்பு இல்லாமல் இந்த வீதியில் சைக்கிள் ஓட முடியாது என்பதுதான் அது. உங்களுக்கு ஒரு நாள் பாதுகாப்புத் தேவையென்றால், அவருக்கு முந்நூற்றி அறுபத்தைந்து நாளும் தேவையில்லையா? அரசியலை நாங்கள் கலக்கவில்லை. அது அந்த வெள்ளைக் கோட்டிலேயே கலந்திருக்கு.

மூன்று, ‘இன்னும் கொஞ்ச வருஷத்துல ஆருமே சைக்கிள் ஓட மாட்டாங்க, எல்லாரும் மோட்டார் சைக்கிள் வாங்கிருவாங்க’. 2021 லும் இதைத்தான் சொன்னார்கள்.

ஓட்டமாவடியைத் தாண்டும்போது மஃரிப் ஆகிவிட்டது. வாழைச்சேனை, செங்கலடி, ஏறாவூர் என்று மட்டக்களப்புவரை இருட்டில்தான் போனோம். எங்களிடம் பின் லைற் இருந்தது, முதலே வாங்கிக் கட்டியிருந்தோம். அந்த நேரத்திலும் எதிரிலும் பின்னாலும் சைக்கிள்கள் வந்துகொண்டே இருந்தன. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள். பலருடைய சைக்கிளில் லைற் இல்லை, டைனமோ இல்லை, ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லை. பஸ்ஸின் வெளிச்சம் பட்டால்தான் அங்கே ஒரு ஆள் இருப்பதே தெரியும். ஒரு சவாரியின் ரீசேர்ட்டுக்கும் பதாகைக்கும் சாப்பாட்டுக்கும் போகிற காசில் ஒரு ஊருக்கே பின் லைற் வாங்கிக் கொடுக்கலாம்.

அதனால் எங்கள் கோரிக்கைகளை நேராகவே எழுதுகிறோம்.

ஏ15 வீதியிலும், ஊர்களுக்குள் பள்ளிக்கூடம் இருக்கிற வீதிகளிலும் சைக்கிளும் நடையும் போகிற ஓரத்தைக் கார்ப்பெட்டோடு மட்டமாகப் போடுங்கள். திருத்த வேலை நடக்கும்போது அந்த ஓரத்தில் கல்லையும் மணலையும் குவிக்காதீர்கள்.

பாலங்களில் சைக்கிளுக்கு இடம் குறியுங்கள். ஒரு பாலத்தை உடைப்பதற்கு முன்பு, நடந்தும் சைக்கிளிலும் போகிறவர் எப்படிப் பத்திரமாகக் கடப்பார் என்பதற்கு ஏற்பாடு செய்துவிட்டு உடையுங்கள். குறிஞ்சாக்கேணிக்குப் பிறகும் இதை எழுத்தில் கேட்க வேண்டியிருப்பதே வெட்கம்.

பள்ளிக்கூட நேரத்தில் ஊருக்குள்ளால் டிப்பர் ஓடுவதைக் கட்டுப்படுத்துங்கள். வேகத் தடையைப் பலகையில் மட்டும் வைக்காதீர்கள்.

சவாரி ஏற்பாடு செய்கிறவர்களே, ஒரு சவாரிக்கு ஒரு வேலை என்று வையுங்கள். போகிற ஊரில் ஒட்டுக்கடைக்காரரோடு சேர்ந்து அரை நாள் இருந்து, தினமும் ஓடுகிறவர்களின் பிரேக்கையும் செயினையும் சரிபார்த்துக் கொடுங்கள், பின் லைற் பூட்டிக் கொடுங்கள். மேடை போட்டால் அந்த மீன்கார காக்காவையும் ஏற்றுங்கள், கொடியை அவர் அசைக்கட்டும். பெண்பிள்ளைகள் வரக்கூடிய நேரத்தையும் வழியையும் முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகு திகதி குறியுங்கள்.

வாசிக்கிற உங்களிடமும் ஒரு வேலை. அடுத்த சவாரிக்குப் பிரமுகர் வருவார், கொடியைக் கையில் எடுப்பார். கைதட்டுவதற்கு முதல் கிட்டப் போய் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: “சேர், நாளைக்குக் காலையில உங்கட மகளை இந்த வீதியால சைக்கிள்ல பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீங்களா?”

ஆம் என்று சொன்னால் கைதட்டுங்கள். இல்லை என்று சொன்னால், ஊரில் மற்ற எல்லாருடைய மகள்மாரும் ஏன் அதே வீதியால் போக வேண்டியிருக்கு என்று கேளுங்கள். பதில் வரும்வரை கொடியை இறக்க விடாதீர்கள்.